பங்கு போடும் சொல்

தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழ்கின்ற நாம், புதிய ஊரின் மொழியில் முதலில் எவற்றைக் கற்கிறோம்? எண்களைக் கற்கிறோம், விலை கேட்கக் கற்கிறோம், வழி கேட்கக் கற்கிறோம். வா, போ, வேண்டும், வேண்டா என்பவை ஒரு மாதத்திற்குள் நாவிற்கு வந்துவிடுகின்றன. கடைத்தெருவைக் கடப்பதற்கு இவ்வளவு போதும். அடுத்த வீட்டு வாசற்படியைக் கடப்பதற்கு இது போதாது. அங்கே ஒன்றைப் பலராகப் பிரித்துக் கொள்ளுதல் என்னும் செயல் நாள்தோறும் நடைபெறுகிறது. அதனைக் குறிக்கும் வினைச்சொல் ஏட்டில் மிகுதியாகப் பயிலும் சொல்லாக இராது. அடுக்களையிலும் முற்றத்திலும் பயிலும் சொல்லாக இருக்கும். நாம் வீட்டில் 'பங்கு போடு' என்கிறோமே, அத்தகைய சொல். இந்தி வழங்கும் ஊர்களில் அதற்கு நேராக நிற்பது 'பாண்ட்னா' என்பது. நேயர்களே, அச்சொல்லைப் பற்றியே இன்று பேசலாம் என்று எண்ணுகிறோம்.

இந்தியைப் புத்தகத்தின் வாயிலாகவோ அலுவலகக் கோப்புகளின் வாயிலாகவோ கற்றவர்களுக்கு இச்சொல் தாமதமாகவே அறிமுகமாகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் அவ்வகையினரே. கோப்புகளில் காணப்படுவன வேறு சொற்கள். அரிசி வழங்கினால் அது 'விதரண்'. மாநிலம் பிரிந்தால் அது 'விபாஜன்'. நிதியோ அரசாங்கக் குடியிருப்போ ஒதுக்கப்பட்டால் அது 'ஆவண்ட்டன்'. இவற்றை மனப்பாடமாகக் கொண்ட ஒருவர், வீட்டு வேலைக்கு உதவ வரும் அம்மையாரிடம், "தீதி, இந்த லட்டுகளைப் பிள்ளைகளுக்கு விதரண் செய்யுங்கள்" என்று சொன்னால், அந்த அம்மையார் லட்டையும் பார்ப்பார், சொன்னவரையும் பார்ப்பார். நம் ஊரில் ஒருவர், "இம்முறுக்குகளைச் சிறார்களுக்கு விநியோகம் செய்க" என்று அடுக்களையில் நின்று ஆணையிட்டால் எப்படி இருக்கும்? பொருள் விளங்காமற் போகாது. ஆனால் சொன்னவர் அந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்லர் என்பதும் உடனே விளங்கிவிடும்.

இதில் ஒரு வியப்பும் இருக்கிறது. கோப்பில் வரும் 'ஆவண்ட்டன்' என்பதும், தெருவில் வழங்கும் 'பாண்ட்னா' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பகுத்தல் என்னும் பொருளுடைய 'வண்ட்' என்னும் வடமொழி வேர் அது. ஒரு கிளை படித்தவர் கையில் உருமாறாமல் அலுவலகத்திற்குச் சென்றது. மற்றொரு கிளை மக்கள் வாயிற் பட்டுத் தேய்ந்து, முதலெழுத்து மாறி, மூக்கொலி உயிரோடு கலந்து, லட்டுத் தட்டுக்கு வந்து சேர்ந்தது. டெல்லியில் அரசாங்கக் குடியிருப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கு 'ஆவண்ட்டன்' என்னும் சொல்லின் அருமை தெரியும். அவர் வீடு கிடைத்த மகிழ்ச்சியில் அண்டை வீடுகளுக்கு இனிப்பு வழங்கும்போது மட்டும் 'ஆவண்ட்டன்' செய்வதில்லை, 'பாண்ட்'தான் செய்கிறார்.

இச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில் உள்ள இடரையும் சொல்லிவிட வேண்டும். முதலிலுள்ள பகரத்தைப் 'பாக்கி' என்னும்போது ஒலிப்பது போல மெலிதாக ஒலித்தல் வேண்டும். அடுத்து நாம் எழுதிக் காட்டும் ணகரம் உண்மையில் தனி மெய்யன்று. ஆகார உயிரே மூக்கின் வழியாக ஒலிக்கிறது. அதன்பின் வரும் டகரமோ 'பாட்டு' என்பதில் உள்ளது போல வல்லொலி. நம் நாவின் இயல்பு வேறு. ணகரத்தை அடுத்த டகரத்தை 'வண்டு', 'நண்டு' என்பவற்றிற் போல மெலித்தே ஒலிக்கிறோம். ஆதலின் தமிழர் வாயில் இச்சொல் பெரும்பாலும் 'பாண்டுனா' என்றே வருகிறது. மூக்கொலியை விட்டுவிட்டாலோ பீகாரின் தலைநகரத்துப் பெயர் போலக் கேட்கும்.

இன்னும் ஒரு கண்ணி உண்டு. 'டாண்ட்னா' என்றால் அதட்டுதல். 'பாந்த்னா' என்றால் கட்டுதல். மூன்றும் புதியவர் காதுக்கு உடன்பிறந்தவை போலவே ஒலிக்கும். "பச்சோம் கோ பாண்ட்டோ" என்று சொல்ல வந்தவர் "பச்சோம் கோ டாண்ட்டோ" என்று சொல்லிவிட்டால், இனிப்புக்காக நிற்கும் குழந்தைகளுக்கு வசவு கிடைக்கும்.

'பச்சோம் கோ' என்னும் தொடரிலேயே மற்றொரு நுட்பமும் இருக்கிறது. நமக்குக் குழந்தைகளை என்பது வேறு, குழந்தைகளுக்கு என்பது வேறு. இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் தனித்தனி உருபு பெறுகின்றன. இந்தியிலோ இரண்டிற்கும் 'கோ' ஒன்றே. பொருளைச் சொல்லாமல் "பச்சோம் கோ பாண்ட் தியா" என்று மட்டும் சொன்னால், குழந்தைகளையே இரண்டு கூட்டமாகப் பிரித்துவிட்டதாகவும் கொள்ள இடமுண்டு. அவ்வூரார் இவ்விடத்தில் 'மே' என்னும் உருபையே பெரிதும் விரும்புகிறார்கள். "பச்சோம் மே பாண்ட் தோ" என்றால், 'பிள்ளைகளுக்குள்ளே பங்கிட்டுக் கொடு' என்று பொருள். எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் சேரவேண்டும் என்னும் குறிப்பு அந்தச் சிறிய உருபில் அடங்கியிருக்கிறது.

இறந்த காலத்தில் தமிழர் தடுமாறுவது எல்லாரும் அறிந்ததே. 'நான் கொடுத்தேன், அவள் கொடுத்தாள்' என்று செய்பவரைப் பார்த்தே வினையை முடிப்பது நம் மரபு. இங்கே செய்பவரை விட்டுவிட்டு, பங்கிடப்பட்ட பொருளைப் பார்த்து வினை முடிகிறது. இனிப்பு என்னும் பொருளில் வரும் 'மிட்டாயீ' பெண்பாற் சொல். நம் 'மிட்டாய்' அங்கிருந்து வந்ததே. ஆதலின் கொடுத்தவர் மீசை முறுக்கிய ஆடவரானாலும் "மைனே மிட்டாயீ பாண்ட்டீ" என்றே சொல்ல வேண்டும். லட்டு ஆண்பால், பலவாகவும் இருப்பதால் "மைனே லட்டூ பாண்ட்டே" என்று வரும். இதனைத் தர்க்கம் பேசிக் கற்க முடியாது. லட்டு பாண்ட்டே, மிட்டாயீ பாண்ட்டீ, பிரசாத் பாண்ட்டா என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே வழி.

ஆனால் இலக்கணப் பிழையைக் கேட்பவர் மன்னித்துவிடுவார். துணைவினைப் பிழை அப்படியன்று. அது பொருளையே மாற்றிவிடும். "பாண்ட் தோ" என்றால் பிறருக்குப் பங்கிட்டுக் கொடு. "பாண்ட் லோ" என்றால் நீங்களே உங்களுக்குள் பங்கிட்டுக்கொள். தீபாவளிக்கு முன்னாள் மேலதிகாரி ஒரு பெட்டியை மேசைமேல் வைத்து, "ஆபஸ் மே பாண்ட் லீஜியே" என்று சொல்லிச் செல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பெட்டியைப் பெற்றவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது அதன் கருத்து. 'லீஜியே' என்பதை 'தீஜியே' என்று கேட்டுவிட்ட புதியவர் ஒருவர், எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தாம் ஒன்றும் எடுத்துக் கொள்ளாமல் வெறும் பெட்டியோடு நிற்கக் கூடும். அதற்கு மறுதலையாக, 'தீஜியே' என்று சொன்னதை 'லீஜியே' என்று கொண்டால், பிறருக்குரியதை எடுத்துக்கொண்டவர் என்னும் பெயர் வந்து சேரும். ஓர் எழுத்தின் வேறுபாடுதான்.

நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டுவதில்லை. 'பங்கிட்டுக் கொடு', 'பங்கிட்டுக் கொள்' என்னும் வேறுபாடு தமிழிலேயே இருக்கிறது. தெலுங்கர் 'பஞ்சு' என்றால் பிறருக்குப் பங்கிடு. 'பஞ்சுக்கோ' என்றால் பங்கிட்டுக் கொள். கன்னடர் பகரத்தை ஹகரமாக்கி 'ஹஞ்சு' என்றும், 'ஹஞ்சிக்கோ' என்றும் சொல்கிறார்கள். 'பால்' அவர்களிடம் 'ஹாலு' ஆவது போன்ற மாற்றமே இது. கொடுப்பதா, கொள்வதா என்னும் கேள்வியைப் பங்கீட்டு வினையோடு இணைத்தே நம் மொழிகள் கேட்கின்றன. 'தோ'வும் 'லோ'வும் காதில் விழும்போது 'கொடு', 'கொள்' என்று மனத்தில் மாற்றிக் கொண்டால் தவறு நேராது.

இன்னும் ஒரு வடிவம் உண்டு. அதனைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது சில வேளைகளில் வயிற்றையே பாதிக்கும். 'பாண்ட்னா' என்பதில் நெடிலைக் குறிலாக்கினால் 'பண்ட்னா' ஆகிறது. முன்னது ஒருவர் பங்கிடுவது. பின்னது பொருள் பங்கிடப்படுவது. தமிழில் 'பிரித்தது', 'பிரிந்தது' என்று வல்லினத்தாலும் மெல்லினத்தாலும் காட்டும் வேறுபாட்டை, அவர்கள் மாத்திரையால் காட்டுகிறார்கள். கோவில் வாசலில் "பிரசாத் பண்ட் ரஹா ஹை" என்றால், பிரசாதம் வழங்கப்பட்டுக் கொண்டிருக்கிறது என்பது பொருள். 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, கூலி வேலைக்காக வட நகரங்களுக்கு வந்திருந்தவர்கள் வேலையும் வண்டியும் இன்றித் தங்கிவிட நேர்ந்தது. பல இடங்களில் சமைத்த உணவும் உலர்ந்த தானியமும் வழங்கப்பட்டன. அந்நாட்களில் ஒருவர்க்கொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி, "கஹாங் பண்ட் ரஹா ஹை?" என்பதே. எங்கே கொடுக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். கொடுப்பவர் யார் என்று அக்கேள்வியில் இல்லை. என்ன பொருள் என்றும் இல்லை. 'விதரண்' என்னும் சொல்லை அறிவிப்புப் பலகையில் தேடிக்கொண்டு நின்றவருக்கு முன்னே, இச்சிறு வினை காதில் பட்டவர் வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

பொருளைப் பங்கிடுவதோடு இச்சொல்லின் ஆட்சி நிற்கவில்லை. சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுவதும் 'பத்தே பாண்ட்னா' தான். சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே இரண்டு இரவு ரயிலில் பயணம் செய்தவர்கள் இதனைக் கேட்டிருப்பார்கள். துயரத்தைச் சொல்லி ஆற்றிக் கொள்வது 'துக் பாண்ட்னா'. கவனம் சிதறினால் 'த்யான் பண்ட் கயா' என்பார்கள். கவனம் பங்காகிவிட்டது என்பது சொற்பொருள். நாம் சிதறியது என்கிறோம். அவர்கள் பங்கு போய்விட்டது என்கிறார்கள். நம் சொல்லில் இழப்பு இருக்கிறது. அவர்கள் சொல்லில் வேறொருவர் வந்து எடுத்துக் கொண்டது போன்ற தொனி இருக்கிறது.

இவ்வழக்குகளிற் சிறந்ததாக நமக்குத் தோன்றுவது 'ஹாத் பண்ட்டானா' என்பது. வேலையில் உதவி செய்தல் என்னும் பொருளுடையது அது. "அவன் வீட்டு வேலையில் அம்மாவுக்குக் கைகொடுக்கிறான்" என்று நாம் சொல்வதை, கையைப் பங்கிடுகிறான் என்னும் கருத்துப்பட அவர்கள் சொல்கிறார்கள். பண்டம் மட்டுமன்று, உழைப்பும் பங்கிடத்தக்கது என்னும் எண்ணம் அதில் இருக்கிறது. டெல்லிக் குடித்தனத்தில் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இத்தொடருக்கு இன்று நல்ல பயன் உண்டு. கணவன்மார்கள் இதனை முதலிற் கற்பது நலம்.

சேர்ந்து உண்பதற்கு 'மில் பாண்ட் கர் கானா' என்பது தொடர். கூடிப் பங்கிட்டு உண்ணுதல் என்று பொருள். பகுத்து உண்ணும் ஊணைப் 'பாத்தூண்' என்னும் ஒரே சொல்லில் திருக்குறள் இரண்டிடங்களில் ஆள்கிறது. அச்சொல் இன்று நம் பேச்சில் இல்லை. கருத்து இருக்கிறது, சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. இந்தி பேசும் தாய்மார்கள் தம் குழந்தைகளிடம் நாள்தோறும் சொல்லும் தொடராக அதே கருத்து அங்கே உயிரோடு நடமாடுவதைக் காணும்போது நமக்குச் சற்றுப் பொறாமையே உண்டாகிறது.

பங்கீடு என்றால் ஓரவஞ்சனையும் உடன் வரும் அன்றோ? அதற்கும் இச்சொல்லே இடம் தருகிறது. இரண்டு பூனைகளுக்கு அப்பத்தைப் பங்கிட வந்த குரங்கு, தராசின் எத்தட்டு தாழ்ந்தாலும் அதிலிருந்து ஒரு வாய் கடித்து, முடிவில் முழுவதையும் தின்றுவிட்ட கதை நமக்கும் தெரியும். இந்தியில் அக்கதை முழுவதும் 'பந்தர் பாண்ட்' என்னும் இரு சொல்லில் அடங்கிவிட்டது. பொதுப்பணத்தைச் சிலர் தமக்குள் பிரித்துக் கொண்டால் நாளேடுகள் 'பந்தர் பாண்ட்' என்று தலைப்பிடுகின்றன. கண்ணில்லாதவன் ரேவடி பங்கிட்டாலும் திரும்பத் திரும்பத் தன்னவருக்கே கொடுப்பான் என்று ஒரு பழமொழியும் வழங்குகிறது. ரேவடி என்பது எள்ளும் பாகும் சேர்ந்த குளிர்காலத் தின்பண்டம். 2022 ஆம் ஆண்டில் இலவசங்களைப் பற்றிய அரசியல் வாதத்தில் இப்பண்டத்தின் பெயர் பெரிதும் அடிபட்டது. அதனைத் தமிழாக்கும்போது 'இலவசம்' என்று எழுதினால் பொருள் வந்துவிடும்; எள்ளின் மணம் வராது. பரிமாறுகிறவர் நம்மவரானால் கடைசிப் பந்தியில் இருந்தாலும் குறைவில்லை என்று நம் ஊரில் சொல்வதும் இதே வழக்கைத்தான், உண்பவர் பக்கத்திலிருந்து பார்த்து! கண் குறைபாட்டை இழுக்காகப் பேசும் வடநாட்டுப் பழமொழியை விட நம்முடையது நயமானது என்பது எங்கள் துணிபு.

நிலத்துக்கும் வீட்டுக்கும் இச்சொல் வரும்போது அதன் குரல் மாறிவிடுகிறது. விளைச்சலில் ஒரு பங்கு தருவதாகப் பேசி நிலத்தைப் பிறரிடம் விடுவது 'பட்டாயீ'. நாம் அதனை வாரம் என்கிறோம். குடும்பச் சொத்தைப் பிரிப்பது 'பண்ட்வாரா'. நம் 'பாகப்பிரிவினை'. ஏ. பீம்சிங் இயக்கத்தில் 'பாகப்பிரிவினை' என்னும் பெயரிலேயே 1959-இல் தமிழ்த் திரைப்படம் வந்ததும், 1965-இல் அவரே அதனை இந்தியில் எடுத்ததும் பலர் அறிவர். இந்திப் படத்திற்கு வைத்த பெயர் 'கான்தான்'. குடும்பம் என்று பொருள். பிரிவினையைப் பெயரிலேயே சொல்ல அங்கே தயங்கினார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஏனெனில் வடநாட்டில் 'பண்ட்வாரா' என்பது வெறும் குடும்பச் சொல் அன்று. 1947 ஆம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிரிந்ததை, ஏடுகள் 'விபாஜன்' என்று எழுதும். லாகூரிலிருந்தும் முல்தானிலிருந்தும் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் 'பண்ட்வாரா' என்றே சொன்னார்கள். டெல்லியில் கரோல் பாகிலும் அதனைச் சுற்றிய பகுதிகளிலும் அவர்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு அண்டை வீட்டாராக வாழ்ந்தார்கள். அத்தகைய வீட்டு முதியவர் ஒருவர், "பண்ட்வாரே கே பாத்" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், சகோதரர்கள் சொத்துப் பிரித்த கதை என்று எண்ணிவிடலாகாது. லட்டுத் தட்டில் இருந்த அதே சொல்தான். இங்கே அது வேறொன்றைச் சுமந்து நிற்கிறது.

பஞ்சாபியில் அதே வேர் 'வண்ட்' என்று வகரத்தோடும், நம் 'வண்டு' போலவே மெல்லிய டகரத்தோடும் வழங்குகிறது. தமிழ் நாவுக்கு இது எளிது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினைக்கும் அம்மொழியில் 'வண்ட்' என்றே பெயர். ஆனால் சீக்கியர் தம் வாழ்வின் மூன்று நெறிகளாகக் கொள்பவற்றுள் ஒன்றின் பெயரிலும் இச்சொல்லே இருக்கிறது. இறைவன் பெயரை நினைத்தல் ஒன்று. நேர்மையாய் உழைத்தல் ஒன்று. 'வண்ட் சக்கணா', பங்கிட்டு உண்ணுதல், மற்றொன்று. டெல்லியில் பங்களா சாகிப் குருத்துவாராவிற்குச் சென்று லங்கரில் அமர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தரையில் வரிசையாக அமர்கிறோம். ரொட்டியை இரு கையேந்திப் பெறுகிறோம். அவ்வரிசைக்கு அவர்கள் 'பங்கத்' என்று பெயர் சொல்கிறார்கள். வடமொழியில் 'பங்க்தி' என்பதன் திரிபு அது. நம் கலியாண வீட்டுப் 'பந்தி'யும் அதே சொல்லின் திரிபுதான். வேட்டி கட்டியவரும் தலைப்பாகை கட்டியவரும் ஒரே சொல்லின்மேல் அமர்ந்து உண்கிறார்கள் என்று சொல்லலாம்.

மற்ற ஊர்களில் வாழும் நேயர்களுக்கும் ஓரிரு சொல். பம்பாயில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழ்கின்றவர்கள் மராத்தியில் 'வாட்டணே' என்பதைக் கேட்பார்கள். பங்கிடுவதும் 'வாட்டணே', சட்டினி அரைப்பதும் 'வாட்டணே', எனக்குத் தோன்றுகிறது என்பதும் "மலா வாட்டத்தே". இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். அகமதாபாத்தில் வாழ்கிறவர்களுக்குச் சிறிது எச்சரிக்கை வேண்டும். குஜராத்தியில் 'வஹேஞ்ச்வும்' என்றால் பங்கிடுதல். 'வேச்வும்' என்றால் விற்றல். நவராத்திரிச் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு பின்னதைச் சொன்னால், அண்டை வீட்டு அம்மையார் விலை கேட்கக் கூடும். கல்கத்தாவில் 'பாக்' என்னும் சொல் நம் 'பாகம்' என்பதேயாதலால் இடர் குறைவு.

இனி நம் வீட்டிற்குத் திரும்புவோம். வெளியே இத்தனை சொல் கற்றுக்கொள்ளும் நாம், உள்ளே எத்தனை சொல்லை வைத்திருக்கிறோம்? வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் "ஷேர் பண்ணு" என்கிறார்கள். சில வீடுகளில் "பாண்ட் பண்ணு" என்பதும் கேட்கிறது. வேற்றுமொழி வினையோடு 'பண்ணு' சேர்த்துத் தமிழாக்கிவிடுவது நம் நாவின் பழைய தந்திரம். அதனைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 'ஷேர் பண்ணு' என்னும் ஒன்று நுழைந்தால், பல சொற்கள் வெளியேறுகின்றன. மாங்காயை அரிந்து கூறு போடுகிறோம். கடலையை எண்ணிப் பங்கு வைக்கிறோம். சம்பளப் பணத்தைச் செலவுக்கு வகுத்து வைக்கிறோம். சொத்தைப் பாகம் பிரிக்கிறோம். துயரைப் பகிர்ந்து கொள்கிறோம். சில ஊர்களில் பல குடும்பத்தார் கூடி ஆடு வாங்கி, அதனைக் கூறு வைத்து எடுத்துக் கொள்வதற்குப் 'பங்குக்கறி' என்று தனிப்பெயரே இருக்கிறது. முன்பு ராஷனைப் 'பங்கீடு' என்றார்கள். 'பங்கீட்டுக் கடை' என்பதை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரும் சொற்கள் அல்ல. துயரைக் கூறு போடுவதில்லை. மாங்காயைப் பாகம் பிரிப்பதில்லை. கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்புவதற்கும் இன்று 'பகிர்' என்றே பொத்தானில் எழுதியிருக்கிறார்கள். அனுப்பியவருக்குப் படம் குறையவில்லை, பெற்றவருக்கும் முழுப்படமே கிடைக்கிறது. இதில் பகுத்தது எதனை என்று கேட்கத் தோன்றுகிறது. எனினும் வழக்கில் வந்துவிட்டது. வழக்கோடு வாதிட்டுப் பயனில்லை.

பாகம் பிரித்தல் என்னும் சொல்லில் மட்டும் சற்று நின்று போக வேண்டும். ஊரில் பெற்றோர் வீடு இருக்க, பிள்ளைகள் மூவரும் மூன்று மாநிலத்தில் இருக்கும் குடும்பங்கள் பல. பாகம் என்னும் பேச்சு எழும்போது எத்தனை பேர் என்பதே முதற்கேள்வி. நெடுங்காலம் மகள்கள் அந்த எண்ணிக்கையில் வரவில்லை. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் அவர்களுக்கு வழி செய்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-இல் தன் திருத்தத்தால் அளித்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் உரிய சட்டமாயிற்று. 'பங்காளி' என்னும் சொல் இன்னும் ஆண்களையே நினைவூட்டுகிறது. சட்டம் மாறிவிட்டது; சொல் மாறவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதத்தில் "பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும்" என்று எழுதியிருந்தால், டெல்லியிலோ பூனாவிலோ வாழும் மகளும் அதில் அடங்குவாள் என்பதைப் படிப்பவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொற்களைக் கற்பிக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. வகுப்பு என்பது வகுத்ததனால் வந்த பெயர் என்று பள்ளிக்குப் புறப்படும் குழந்தையிடம் சொல்லலாம். பாதி, பகுதி, பால் என்பவை 'பகு' என்னும் வேரோடு உறவுடையவை என்பதைத் தோசையைப் பிய்க்கும்போது சொல்லலாம். நவராத்திரியில் கொலு பார்க்க அண்டை வீட்டுக் குழந்தைகள் வருவார்கள். அவர்களிடம் சுண்டலைக் கொடுத்து, "மில் பாண்ட் கர் கானா" என்று சொல்வோம். நம் பிள்ளைகளிடம், "பங்கு போட்டுச் சாப்பிடுங்கள், கடைக்குட்டிக்கு எடுத்து வையுங்கள்" என்று தமிழிலேயே சொல்வோம். பத்தாவது நாள் பார்த்தால், அண்டை வீட்டுக் குழந்தையும் 'பங்கு' என்று சொல்லிக் கையை நீட்டும்.